பகடி வீடு சொந்த வீடு ஆகுமா?

சயானின் பழைய கட்டடங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, தம் இல்லத்தைச் ‘சொந்த வீடு’ என்றே கூறிப் பழகியுள்ளன. பத்திரம் எங்கே என வினவினால் பெட்டியிலிருந்து வெளிவருவது வாடகை ரசீதுக் கட்டு. அது பகடி வீடு.

தமிழில் பகடி என்றால் கேலி. மும்பையின் பகடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மராத்தியில் அச்சொல் தலைப்பாகையைக் குறிக்கும். குடியமர இசைவு தரும் வீட்டு உரிமையாளருக்கு மரியாதையாக அளிக்கப்பட்ட பணம் அப்பெயர் பெற்றது என்பர். நம் கோயில்களில் பரிவட்டம் கட்டுவதை எண்ணிப் பார்த்தால் இச்சொல்லின் உட்பொருள் விளங்கும். கொல்கத்தாவில் இத்தகைய தொகைக்குச் ‘சலாமி’ என்று பெயர். அங்கும் வணக்கத்தின் பெயரால்தான் பணம் கைமாறியது.

இந்த மரியாதைக்குக் காரணம் சட்டமே. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் நாளின் வாடகையை அடிப்படையாக வைத்து அதை உறையச் செய்தது. அதற்குமேல் உரிமையாளர் பணம் பெறுவதைக் குற்றமாக்கியது. எனவே வீட்டின் உண்மை விலை ரசீதின்றிக் கைமாறியது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான், அதன் 56ஆம் பிரிவு இத்தகைய தொகையைச் சட்டத்துக்கு உட்பட்டதாக்கியது.

ஊரிலிருந்து வருவோர் இதனைப் போக்கியம் எனக் கருதுவதுண்டு. போக்கியத் தொகை கெடு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். மாத வாடகையும் இல்லை. பகடித் தொகையை உரிமையாளர் திருப்பித் தருவதில்லை. சிறிதேயாயினும் வாடகை தொடரும். வீட்டை மற்றொருவருக்கு மாற்றினால், அவரிடம் பெறும் தொகையில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு உரிமையாளருக்குச் செல்வது வழக்கம். சொந்த வீட்டை விற்பவர் யாருக்கு இப்படிப் பங்கு தருகிறார்?

‘சொந்தம்’ என்னும் சொல்லின் தீங்கு, குடும்பத் தலைவர் மறைந்த பின்னரே தெரிகிறது. வாடகை உரிமையை உயிலால் பிறருக்கு அளிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின்கீழ் 1994இல் தீர்ப்பளித்தது. இன்றைய சட்டத்திலும், உடன் வசித்த குடும்ப உறுப்பினருக்கே முதலிடம். பெங்களூரில் குடியேறிவிட்ட மகனுக்கென எழுதிய உயில், பெற்றோரை உடனிருந்து பேணிய மகளின் உரிமையை வழக்காக்கிவிடும். வேறு பயன் தராது. மகளின் பெயருக்கு ரசீதை மாற்றித் தருமாறு உரிமையாளரிடம் கேட்கவோ பல குடும்பங்கள் தயங்குகின்றன. இத்தயக்கம் எனக்கு விளங்கவில்லை.

வங்கியில் வீட்டை அடமானம் வைக்கக் கேட்கப்படுவது உரிமை மூலப் பத்திரம். வாடகை ரசீது அதற்கு ஈடாகாது. பிள்ளையின் மேற்படிப்புக்கு இவ்வீட்டை ஈடு காட்டலாம் என்ற கணக்கை இன்றே கைவிடுவது நலம். கட்டடம் இடிக்கப்பட்டு மறுகட்டுமானம் நிகழும்போது சொந்த உரிமையுடன் வீடு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அப்போதும் முதலில் கேட்கப்படும் சான்று ரசீதே. அது இன்று எவர் பெயரில் இருக்கிறது, இறுதியாக எந்த மாதத்துக்குரியது என்பதை இவ்வாரமே பார்த்துவிடுங்கள்.