நூலாட்டம் ஒரு டயர்!

கீழே விழுவதற்கும் ஒரு அந்தஸ்து வேண்டும் சார். புல்லட்டிலிருந்து விழுந்தேன் என்றால் ஆபீஸில் மரியாதையாக விசாரிப்பார்கள். குதிரையிலிருந்து விழுந்தால் பேப்பரிலேயே போடுவார்கள். நான் விழுந்தது சைக்கிளிலிருந்து. அதுவும் காலை ஆறு மணிக்கு, அயப்பாக்கம் ஏரிப் பக்கம், புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லியில். சாட்சிக்கு இரண்டு எருமைகளும் ஒரு கீரைக்காரப் பெரியவரும். எருமைகள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. பெரியவர்தான் தன் சைக்கிளை நிறுத்தினார்.

“என்னா தம்பி, அடி பலமா?”

“இல்லீங்க, லேசாத்தான்...”

“டயர் என்னாது இது, நூலாட்டம் இருக்குது?”

கேட்டுவிட்டு, பின்னால் இரண்டு மூட்டை முளைக்கீரையோடு அதே ஜல்லி மேல் கடகடவென்று ஏறிப் போயே போய்விட்டார். அவர் சைக்கிள் என் வயதைவிடப் பெரியது. பிரேக் இருந்ததாகத் தெரியவில்லை. நான் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஜல்லிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி யோசித்தேன். அவருக்குப் பிடிக்கிற ரோடு எனக்கு மட்டும் ஏன் வழுக்குகிறது?

நான் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் சர்க்கரையை ரேஷன் கடையில் வாங்குவதில்லை, பரம்பரையாக வருகிறது. அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் வந்தது. ஐம்பத்தாறில் வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அதற்கப்புறம் செருப்புக் கடைக்குப் போனால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், காலை மட்டும் நீட்டுவார். கடைப் பையன் பார்த்துவிட்டு, வார் வைத்த மாடலாக எடுத்து வருவான். போன வருஷம் எனக்கு அந்த மூன்று மாத சராசரி டெஸ்ட் எடுத்தபோது 6.2 வந்தது. “பார்டர்ல நிக்கறீங்க” என்றார் டாக்டர். பார்டரில் நிற்கிறவன் எந்தப் பக்கம் போவான் என்பது அவன் காலைப் பொறுத்தது அல்லவா?

வாக்கிங் போனேன், போர் அடித்தது. ஜிம்மில் ஒரு வருஷப் பணம் கட்டினேன். கணக்குப் பாடத்தில் ‘முன்கூட்டிச் செலுத்திய செலவு’ என்று பி.காமில் படித்தது அன்றுதான் நன்றாகப் புரிந்தது. கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனியில் இருந்த நண்பன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் ரோடு பைக்கை என் தலையில் கட்டினான். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், பத்துப் பதினொரு கிலோ எடை, காற்று மாதிரி ஓடும். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நான்கு மாதத்தில் 6.2 இறங்கி 5.9 ஆனது. என் வாழ்க்கையில் நான் குறைத்துக் காட்டிய ஒரே நம்பர் அதுதான்.

ஆனால் நம்ம ஏரியா ரோடு இருக்கிறதே! சி.டி.ஹெச். ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓட்ட எனக்கு எல்.ஐ.சி. பாலிசி போதாது. வண்டலூர்-மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு இருக்கிறது, 62 கிலோமீட்டர், வழுவழுவென்று. ஆனால் அந்த நல்ல ரோட்டுக்குப் போய்ச் சேர ஏழெட்டு கெட்ட ரோட்டைத் தாண்ட வேண்டும். பூந்தமல்லிப் பக்கமோ ஆவடிப் பக்கமோ எப்படிப் போனாலும் எங்காவது குழாய்க்குத் தோண்டி, மண்ணைத் தள்ளி, மேலே ஜல்லியைத் தூவியிருப்பார்கள். இத்தாலியில் 2022-ல் கிராவல் சைக்கிள் ரேஸுக்கு உலக சாம்பியன்ஷிப்பே ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல தார் ரோட்டை விட்டுவிட்டு ஜல்லி ரோட்டைத் தேடிப் போய் ஓட்டுகிறார்களாம். நமக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது, அதுவும் இலவசமாக!

விழுந்த காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. மற்ற வீடுகளில் அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் காயம் ஆற நாளானால் யாரும் பேச மாட்டார்கள். மனைவி தினமும் ராத்திரி செல்போன் டார்ச்சை அடித்து முட்டியைப் பார்ப்பாள். அப்பா அந்தப் பக்கம் வரவே மாட்டார், டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பார். இருபத்தோராவது நாள் பக்கு உதிர்ந்தது. அன்றைக்குத்தான் மனைவி வாயைத் திறந்தாள்.

“ஏங்க, ஒண்ணு டயரை மாத்துங்க. இல்ல, சைக்கிளை வித்துடுங்க. சனிக்கிழமை வரைக்கும் டைம்.”

என் டயரில் ‘700×23சி’ என்று போட்டிருந்தது. அந்த 23 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதாவது நம் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பருமன். அங்கே இங்கே விசாரித்ததில் ‘28 போடு, அருமையாப் பிடிக்கும்’ என்றார்கள். நேரே தெருமுனை சைக்கிள் கடைக்குப் போய், “அண்ணே, 28 டயர் ஒரு ஜோடி” என்றேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. பரண் மேலிருந்து ஒரு ஜோடி எடுத்து, தூசியைத் தட்டிக் கொடுத்தார். விலை இவ்வளவு சல்லிசா என்று சந்தோஷமாக வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் வந்து மாட்டினால் ரிம்மில் உட்காரவே இல்லை. குழந்தை கையில் பாட்டி வளையல் மாதிரி ஆடுகிறது.

இந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார். அவர் அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ரிடையரானவர். 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனிதான், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் செய்தார்களே, அங்கே. வீல் செக்‌ஷன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணாலேயே கோட்டம் சொல்வார். என்னையும் கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு சுற்று பார்த்தார்.

“மாப்ள, இது 28 இஞ்ச் டயர். 28-க்கு ஒண்ணரை. கீரைக்காரர் வண்டிக்குப் போடறது. நீங்க கேக்க வேண்டியது 28 மில்லிமீட்டர்.”

அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். பெரிய எழுத்தில் என்ன வேண்டுமானாலும் போட்டிருக்கட்டும், சின்ன எழுத்தில் இரண்டு எண் இருக்கும், அதைத்தான் நம்பணும் என்றார். பழைய சைக்கிள் டயரில் 40-635. என்னுடையதில் 23-622. முதல் எண் அகலம். இரண்டாவது, டயரின் ஓரம் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம். 635-க்கும் 622-க்கும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். அதுதான் வளையல் ஆடியது. இரண்டாவது எண் அச்சாகப் பொருந்த வேண்டும். முதல் எண்ணில்தான் நமக்குக் கொஞ்சம் பேரம் பேச இடம் உண்டு. டிரையல் பேலன்ஸ் டேலியாகாமல் முழித்தவன் நான், எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

நீங்கள் கவனித்தீர்களா? கீரைக்காரர் டயர் 40 மில்லிமீட்டர்! அமெரிக்காவில் டாலர் டாலராகக் கொட்டி வாங்குகிற கிராவல் பைக்கில் ஏறக்குறைய அதே அகலம்தான். நம் பெரியவர் அதில் ஆயுசு முழுக்க முளைக்கீரை விற்றுக்கொண்டிருக்கிறார்.

“அப்ப எனக்கும் 40 போட்டுடலாமா மாமா?”

மாமனார் பதில் சொல்லாமல் அஞ்சு எம்.எம். ஆலன் கீயை எடுத்தார். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விட்டார். மேலே பிரேக்குக்கு அடியில் விட்டார். பின் சக்கரத்துக்குக் கீழே அந்தக் குறுகலான இடத்திலும் விட்டார். சுற்றிலும் நாலு, அஞ்சு மில்லிமீட்டராவது காலி இடம் வேண்டும், இல்லையென்றால் ஒரு ஜல்லி டயரில் ஒட்டிக்கொண்டு மேலே போய் மாட்டும், சக்கரம் நிற்கும், நீங்கள் மட்டும் போய்க்கொண்டே இருப்பீர்கள் என்றார். என் வண்டியில் இருப்பது ரிம்மைப் பிடிக்கிற பழைய மாதிரி பிரேக். அதன் வளைவுக்கு அடியில் 28-க்குத்தான் இடம். 32 வாங்கியிருந்தால் உரசும். டிஸ்க் பிரேக் வைத்த புது வண்டிகளில் 32, 35 வரைகூடப் போகலாமாம், ஃப்ரேமைப் பொறுத்து.

சரி, பட்டன் பட்டனாக வைத்த டயர் வாங்கலாமா, வழவழ டயரா? ‘பிடிப்பு’ என்றாலே டிராக்டர் டயர்தான் எனக்கு ஞாபகம் வரும். இதில்தான் நான் ஏமாந்திருப்பேன். தார் ரோட்டில், மழையிலும்கூட, வழவழ டயர்தான் நன்றாகப் பிடிக்கும். காருக்குத்தான் தண்ணீர் மேல் மிதக்கிற வியாதி. சைக்கிள் டயர் ஒல்லி, உருண்டை, நாம் போகிற வேகத்தில் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு தரையைத் தொட்டுவிடும். பட்டன் டயரில் தார் ரோட்டைத் தொடுகிற ரப்பர்தான் குறைவு, போதாததற்கு ‘கர்ர்ர்’ என்று சத்தம் வேறு. சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் பட்டன் கட்டாயம் உதவும், மண்ணைக் கவ்வும். ஆனால் நம்ம ஊர் மாதிரி பாதி தார், பாதி ஜல்லி என்றால் நடுவே வழவழப்பு, ஓரத்தில் சின்னச் சின்ன மேடு வைத்த டயர்தான் தோது. நேராகப் போகும்போது நடுப்பகுதி உருளும், திரும்பும்போது ஓரம் கவ்வும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் காற்று. இதை நான் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் சைக்கிளும் சேர்ந்து 89 கிலோ, அதாவது 196 பவுண்டு. டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று என்றால், தோராயமாக இரண்டு சதுர அங்குல ரப்பர்தான் தரையைத் தொடுகிறது. இரண்டு சக்கரமும் சேர்த்து! தலைக்கு ஒரு தபால்தலை. என் உயிர் அதன் மேல் நிற்கிறது. காற்றை 65-க்கு இறக்கினால் அது மூன்று சதுர அங்குலம் ஆகிறது. போதாததற்கு டயர் கொஞ்சம் குழைந்து, கல்லைச் சுற்றி மடங்கிப் பிடிக்கிறது. இறுகிய டயர் கல்லின் மேல் ஏறிக் குதிக்கும், குதிக்கிற நேரத்தில் தரையைத் தொடாது. தொடாத டயர் எப்படிப் பிடிக்கும்?

‘அப்படியென்றால் பழைய டயரிலேயே காற்றைக் குறைத்திருக்கலாமே, செலவு மிச்சம்’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். குறைத்தால் 23 டயர் கல்லில் அழுந்தி, ரிம் போய் டியூபைக் கடித்துவிடும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அகலமான டயரில்தான் காற்றைக் குறைக்கிற சலுகை. அகலத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

யோசித்துப் பார்த்தால் டயரே இதற்காகப் பிறந்ததுதான். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு டாக்டர், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் தடதடக்காமல் ஓட, காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றினார். அவருக்கு முன்பே 1845-ல் தாம்சன் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தது தனிக் கதை. அந்த டன்லப் பெயரில் அம்பத்தூரில் 1959-ல் டயர் தொழிற்சாலை வந்தது. ஒரே ஊரில் சைக்கிளும் செய்தோம், டயரும் செய்தோம்! இன்று அந்த டயர் தொழிற்சாலை ஓடவில்லை, ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்னும் “டன்லப்லாம் இறங்கு” என்கிற குரல் கேட்கும்.

சனிக்கிழமை கெடு முடிவதற்குள் 28-622 ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். விலையைச் சொல்ல மாட்டேன், இந்தப் பத்திரிகையை என் மனைவியும் படிக்கிறாள். காற்று முன்னால் 60, பின்னால் 70. பின்னால்தான் நம் பாரம் அதிகம். (டயர் ஓரத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் போட்டிருப்பான், அதற்குள் இருக்கட்டும். உங்கள் எடைக்கு வேறு மாதிரி வரும்.) தேய்மானமும் பின்னால்தான் சீக்கிரம். அதற்காக, தேய்ந்ததைக் கழற்றி முன்னால் போடாதீர்கள் என்றார் மாமனார். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் ஜல்லிதான். எது நல்லதோ அது எப்போதும் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஏரிப் பக்கம். வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அழுந்திப்போன செம்மண் பாதையில் டயர் அப்படியே ஒட்டிக்கொண்டு போயிற்று, கையில் வந்த அந்தப் பழைய நடுக்கம் இல்லை. ஆனால் பொய் சொல்லக் கூடாது. அந்த ஜல்லிக் குவியல் வந்ததும், ஒன்றரை அங்குல ஜல்லி, முன் சக்கரம் லேசாக நெளிந்தது. 28 டயருக்கு அது ஆகாத வேலை. பிரேக்கைத் தொடாமல் வேகம் குறையவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன். முட்டி பத்திரம். அடுத்த டெஸ்ட் வரும் மாதம்.

எதிரே பெரியவர் வந்தார். இன்றைக்கு அரைக்கீரை. வண்டியை நிறுத்தாமலே என் டயரை ஒரு பார்வை பார்த்தார்.

“மாத்திட்டியா தம்பி?”

“ஆமாங்க! எப்படியிருக்கு?”

“ம்... இப்ப கயிறாட்டம் இருக்குது” என்றபடி ஜல்லி மேல் ஏறிப் போய்விட்டார்.