பழைய கார் வாங்கிய குடும்பத்தார்க்கு

சமவெளியில் பழுதை மறைத்துக்கொள்ளும் கார், கூடலூரிலிருந்து நடுவட்டத்திற்கு ஏறும் சாலையில் உண்மையைச் சொல்லிவிடும். ஸ்ரீமதுரையில் ஒரு குடும்பத்தார்க்கு நேர்ந்ததும் இதுவே. நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் கோயம்புத்தூரில் ஒரு விற்பனை நிலையத்தில் வாங்கிய பழைய கார், முதல் ஏற்றத்திலேயே கொதித்து நின்றது. என்ஜின் முன்பே பிரித்து மூடப்பட்டது என்றார் மெக்கானிக். விற்றவரோ, “பழைய சரக்குக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று கைவிரித்துவிட்டார். இனி வழியுண்டா என நம்மைக் கேட்டனர்.

உண்டு. பழைய பொருளாயினும் விலை கொடுத்து வாங்கியவர் நுகர்வோரே. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டுவதில்லை. உதகமண்டலத்திலுள்ள மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலவரம்பு 2 ஆண்டுகள். பிழைப்புக்காகத் தாமே வாடகைக் கார் ஓட்டுபவரும் இவ்வுரிமை உடையவரே.

ஆனால் தேய்மானம் வேறு, வஞ்சகம் வேறு. பல்லாண்டு ஓடிய கார் புதிதுபோல் ஓடவில்லை என்னும் வழக்கு நிற்பது அரிது. மறைத்த விபத்து, குறைத்துக் காட்டிய கிலோமீட்டர், மூடிவைத்த என்ஜின் கோளாறு, இவையே வழக்காகும். “ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்பார் விற்றவர். பார்வைக்குப் புலப்படாத பழுது என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. ஆதலால் பழுது நீக்குமுன்னரே, தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை பெறவேண்டும். பலர் அவசரப்பட்டு முதலில் ரிப்பேர் செய்து, கையிலிருந்த சாட்சியத்தைத் தாமே அழித்துவிடுகின்றனர்.

யார்மீது முறையிடுவது? விற்றவர்மீதே. கோவா மாநிலத்தில் ஒரு விற்பனையாளர் 2009ஆம் ஆண்டின் காரை 2011ஆம் ஆண்டினது என்று விற்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அதில் தயாரிப்பாளரான டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தை 2021இல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. “நாங்கள் வெறும் தரகர்” என்னும் சாக்கும் இன்று எளிதில் செல்லாது. 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவேண்டும். முன்னைய உரிமையாளர் முறைப்படி ஒப்படைத்த காருக்கு அவ்வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார்.

கோபத்தில் கடன் தவணையை நிறுத்திவிடலாகாது. கடன் கொடுத்தவர் காரை எடுத்துச் சென்றால் வழக்கின் முதற்சான்றே போய்விடும். முதலில் விரைவுத் தபாலில் விற்றவருக்கு ஒரு கடிதம். உடன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார். ரசீதோடு, கைப்பேசியில் வந்த விளம்பரத்தையும் அழியாமல் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினோம்.