எப்படி வருதோ வரட்டும்!

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில், தாத்தா காலத்து கேமராவோடு ஒரு தம்பி. உள்ளே ‘இந்து’ பிராண்டு கறுப்பு வெள்ளை ஃபிலிம். 1998லேயே தேதி முடிந்தது.

‘‘மீட்டர் எதுல வெச்சிருக்கீங்க?’’

‘‘டப்பாவுல போட்ட ஸ்பீடுதான் சார். எப்படி வருதோ வரட்டும், அதானே அழகு!’’

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நான் பி.காம். படித்தவன். தேய்மானக் கணக்கில் ஒரு மெஷினின் மதிப்பை ஒரு ரூபாய் வரை இறக்கிவிடுவோம். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டப்பாவில் போட்ட தேதியும் அப்படித்தான். அதுவரைக்கும்தான் கம்பெனியின் உத்தரவாதம். அதற்கப்புறம் பொறுப்பு நம்முடையது. இந்தத் தலைமுறை அந்தப் பொறுப்புக்கு ‘வின்டேஜ் ஃபீல்’ என்று பெயர் வைத்துக் கைகழுவுகிறது.

வயசான ஃபிலிமில் நடப்பது மாயம் இல்லை சாமி. உஷ்ணமும் ஈரமும் சேர்ந்து வெள்ளி உப்பைக் கெடுக்கின்றன. ஸ்பீடு குறைகிறது, நெகட்டிவ் முழுக்க ஒரு மங்கல் படிகிறது. மருந்து எளிது: கூடுதல் வெளிச்சம். நெகட்டிவ் ஃபிலிமுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் என்பது உத்தேசக் கணக்கு. 400 ஸ்பீடு ஃபிலிம், முடிந்து 20 வருஷமா? மீட்டரை 100ல் வையுங்கள். ஃபிரிட்ஜில் தூங்கியதென்றால் இவ்வளவு வேண்டாம். பரணில் வெந்ததென்றால் இதுவும் போதாது. ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. ஒரே பெட்டியில் நாலு சுருள் இருந்தால், ஒன்றைப் பரிசோதனைக்குப் பலி கொடுங்கள்.

கொடைக்கானலில் இன்னொரு வில்லன், பனிமூட்டம். வெள்ளையைப் பார்த்து மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அங்கே இன்னும் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கழுவி எடுத்ததும் சாம்பல்தான்.

இதே மலையின் சூரிய ஆய்வகத்தில்தான், 1909ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளியே பாய்வதை நிறமாலைப் படங்களில் கண்டுபிடித்தார். ‘எப்படி வருதோ வரட்டும்’ என்று அவர் தட்டைச் செருகியிருந்தால்?

என் கோபத்துக்கு நிஜக் காரணம் வேறு. ‘இந்து’, ஊட்டியில் 1960ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் சரக்கு. மத்திய அரசு நிறுவனம். அந்த ஆலை இப்போது இல்லை. மிச்சமிருப்பது பரணிலும் பழைய ஸ்டுடியோ பீரோவிலும் கிடக்கும் சுருள்கள்தான். ஒன்றை வீணாக்கினால், எந்தக் கடையில் போய் இன்னொன்று வாங்குவீர்கள்?

எல்லாம் சொல்லி முடித்தேன். தம்பி மரியாதையாக டயலைத் திருப்பினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

‘‘அப்ப அந்த பர்ப்பிள் ஷேட் வராதா சார்?’’