படுத்தால்தான் பணமா?



பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்களில் அநேக வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் ஓர் அட்டை சொருகி வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் சர்க்கார் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை. தாயத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் அதற்கும். தாயத்தைப் பிரித்துப் பார்த்தவரும் இல்லை. அட்டைக்கு என்ன நிபந்தனை என்று கேட்டவரும் இல்லை. “5 லட்சம் இருக்கிறது, இனி என்ன கவலை?” என்று வயதானவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த 5 லட்சம் எப்போது வரும்? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமென்று தமிழ்நாட்டில் துவக்கியதும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமென்று பெயர் மாறியதும், 2018-ல் அது மத்திய சர்க்கார் திட்டத்தோடு இணைந்ததும், 2024 அக்டோபரில் 70 வயதானவர்களுக்கெல்லாம் வருமானம் பாராமல் உண்டென்று மத்திய சர்க்கார் துவக்கியதும், ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுக்க வேண்டும். மத்திய திட்டத்தில், சேருவதற்கு முந்திய 3 நாள் செலவும் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவும் கிடைக்கும். மாநிலத் திட்டத்தில் சில பரிசோதனைகளும் தொடர்சிகிச்சைகளும் உண்டு என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் நடந்து போய் டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிற சாதாரணப் புறநோயாளிக்கு அந்த அட்டையால் காலணா பிரயோசனமில்லை.

முதுமையின் நோய் எப்படிப்பட்டது? இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் மூட்டுவலியும் ஒருநாளில் வந்து ஒருநாளில் போகிறவையா? மாதந்தோறும் மாத்திரை, பட்டுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் சார்ஜ், துணைக்குப் போகிற மகளுக்கு அன்றையக் கூலி நஷ்டம். ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது இந்தச் சில்லறைதான். காசில்லாமல் மாத்திரையை நிறுத்தியவர் பக்கவாதத்தில் விழுந்தால், அப்போது காப்பீடு லட்சக்கணக்கோடு ஓடி வருகிறது! “கரை உடைகிறவரை ஒரு கூடை மண் தரமாட்டேன், உடைந்த பிறகு லாரி லாரியாக மணல் மூட்டை தருகிறேன்” என்று ஓர் அதிகாரி சொன்னால், நம் கடைமடை விவசாயி அவரைச் சும்மா விடுவானா?

“சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாய்ப் பார்க்கிறார்களே!” என்பார்கள். மெய்தான். 2021 ஆகஸ்டில் துவங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்தக்கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. அந்த வேலையைக் காப்பீட்டைவிடப் பலமடங்கு உயர்வாகவே நாம் மதிக்கிறோம். ஆனால் அங்கே இல்லாத மருந்துக்கும், இல்லாத நிபுணருக்கும் வெளியே போக நேர்ந்தால் அட்டை வாயை மூடிக்கொள்கிறதே, அதற்கென்ன பதில்?

இது நடவாத காரியமென்று சொல்லுகிற கனவான்களைக் கேட்கிறோம்: 1954-ல் டில்லியில் துவக்கிய மத்திய சர்க்கார் சுகாதாரத் திட்டத்தில் பென்ஷன் வாங்கும் உத்தியோகஸ்தருக்குப் புறநோயாளி வைத்தியமும் மருந்தும் எப்படிக் கிடைக்கின்றன? இ.எஸ்.ஐ.யில் 5 வருஷமாவது இருந்து வயது முடிந்து ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு, வருஷம் 120 ரூபாய் கட்டினால் தனக்கும் வாழ்க்கைத் துணைக்கும் எப்படிக் கிடைக்கிறது? சிங்கப்பூரில், 1949-க்குள் பிறந்து 1986-க்குள் குடியுரிமை பெற்றவர்களை ‘முன்னோடித் தலைமுறை’ என்று சொல்லி, 2014-ல் புறநோயாளிச் செலவிலும் சலுகை கொடுத்தார்களே! தஞ்சை ஜில்லாவிலிருந்து கப்பலேறிப் போனவர்களும் அவர்களில் உண்டு. கப்பலேறியவருக்குக் கிடைப்பது, இங்கேயே சேற்றில் நின்று நாற்று நட்டவருக்கு ஏன் கூடாது? நாற்காலியில் தேய்ந்த முதுகு ஒரு ஜாதி, வயலில் வளைந்த முதுகு வேறு ஜாதியா?

பிரீமியம் சர்க்கார் கட்டுகிறது என்றால், அது யார் பணம்? தீப்பெட்டி முதல் உரமூட்டை வரை நாம் கட்டிய வரிதானே! 60 வயது கடந்த ஏழைகளுக்கு, படுக்காமலே மருந்துக்கும் பரிசோதனைக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று அதே அட்டையில் ஒதுக்கச் சொல்லுகிறோம். இது பிச்சையல்ல.

ஆகவே தோழர்களே, அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுங்கள். எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேஜையில் விசாரியுங்கள். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நகலை நமக்கு அனுப்பினால், ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம்.