மூடிய நாளுக்குக் கூலி எங்கே?

அரசாங்கம் மூடிக்கொண்டால் சம்பளக்காரனுக்கு லீவு, கூலிக்காரனுக்குப் பட்டினி. இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். கலசப்பாக்கம் சுற்றுவட்டத்தில் எந்தச் சேரியில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இப்போது நடந்திருப்பது இன்னும் ஒருபடி மேலே. மூடுவதையே சட்டமாக எழுதிவிட்டார்கள். வருஷத்துக்கு 60 நாள். அது எந்த 60 நாள் என்று பார்த்தால்தான், யாருக்காக எழுதினார்கள் என்பது விளங்கும்.

முதலில் 2020ஐ எடுத்துக்கொள்வோம். மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நாலு மணி நேரத்தில் நாட்டை மூடினார்கள். நூறு நாள் வேலையும் நின்றது. ஏப்ரல் 20க்குப் பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. இதற்கு நடுவில் ஒரு கூத்து. மார்ச் 26ந்தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஏழைகளுக்கான திட்டம் என்று அறிவித்தார். நூறு நாள் வேலைக்கு நாட்டுச் சராசரிக் கூலி 182லிருந்து 202 ரூபாய். குடும்பத்துக்கு வருஷத்தில் 2000 ரூபாய் கூடுதலாம். தமிழ்நாட்டில் 229 ரூபாய் 256 ஆனது. கூலி ஏறியது சரி, வேலை எங்கே? சோத்தை நிறுத்திட்டு இலையை மட்டும் பெரிசாப் போட்டாங்க.

அதே வாரத்தில் வேறு உத்தரவுகளும் போயின. மார்ச் 23ல் நிதியமைச்சகம் சொன்னது: மத்திய அமைச்சகங்களில் ஒப்பந்தத்திலும் தினக்கூலியிலும் இருப்பவர்கள் வீட்டில் இருந்தாலும் பணியில் இருந்ததாகவே கருதிக் கூலி கொடுக்க வேண்டும். மார்ச் 29ல் உள்துறை சொன்னது: தொழிற்சாலைக்காரனும் கடைக்காரனும் மூடிய நாளுக்குப் பிடித்தம் செய்யாமல் கூலி தர வேண்டும். முதலாளிகள் உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார்கள். மே 18லிருந்து அந்த உத்தரவை அரசே கைவிட்டது. அது வேறு கதை. நான் சொல்ல வருவது, ‘வேலை செய்யாவிட்டாலும் செய்ததாகக் கருது’ என்று எழுத அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதைத்தான். கிராமத்தில் கோடிக்கணக்கான கூலிகளுக்கு வேலை கொடுக்கிற முதலாளி அந்த அரசாங்கமேதான். அடுத்தவனுக்குப் போட்ட உத்தரவைத் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அருணா ராயும் நிகில் தேவும் 2020 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்துக்குப் போய், அட்டை உள்ளவர்களுக்கு மூடிய நாளுக்கெல்லாம் கூலி கொடு என்று கேட்டார்கள். அந்தக் கூலி வரவே இல்லை. ரேஷன் அட்டைக்கு மாநில அரசு ஆயிரம் ரூபாய் கொடுத்தது. 256 ரூபாய் கணக்கில் அது நாலு நாள் கூலி. மூடிக் கிடந்ததோ வாரக்கணக்கில்.

அதே சேரியில் இன்னொரு பிரிவுக்கு லீவே கிடையாது. ஊரெல்லாம் வீட்டில் இரு. நீ மட்டும் குப்பை அள்ளு, சாக்கடை தள்ளு. மாலை போட்டார்கள், காலைக் கழுவினார்கள், தூய்மைப் பணியாளர் என்று பேரை மாற்றினார்கள். நம்மில் ஒருத்தனுக்கு வேலையை நிறுத்த உரிமை இல்லை, இன்னொருத்தனுக்கு வேலையைக் கேட்க உரிமை இல்லை. எந்த வேலை அவசியம், எந்த வயிறு அவசியமில்லை என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஒரே கையில் இருக்கிறது. இதற்குச் சாதி என்று பேர் வைக்காமல் வேறு என்ன வைப்பது?

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள், செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதா நிறைவேறாமல் அரசாங்கம் முடங்கியது. அங்கே 2019ல் போட்ட ஒரு சட்டம், முடங்கிய நாட்களின் சம்பளத்தை அரசு ஊழியருக்குப் பிறகு கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அதே அலுவலகத்தைக் கூட்டுகிற, கக்கூஸ் கழுவுகிற, வாசலில் காவல் நிற்கிற ஒப்பந்தக் கூலிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்தக் கூலிகளில் கறுப்பு மக்கள் எத்தனையோ பேர். கடல் தாண்டியும் கடைசிப் படிக்கட்டில் நிற்பவன் தலையில்தான் கதவு விழுகிறது.

வேலையை மூடாமலேயே கூலியை மட்டும் மூடுகிற வித்தையும் பார்த்தோம். 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக்கு நூறு நாள் கூலிப்பணம் வரவில்லை. 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் பாக்கி 4,034 கோடி என்றார்கள். ஏரியில் மண் வெட்டியாச்சு, வரத்துக் கால்வாய் தூர் எடுத்தாச்சு, கூலி இல்லை. 2005 சட்டம் என்ன சொன்னது? பதினைந்து நாளுக்குள் கூலி. தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு, அதாவது ஆயிரம் ரூபாய்க்கு ஐம்பது காசு. அந்த ஐம்பது காசைக்கூட எங்கள் தெருவில் கண்ணால் கண்டவர் இல்லை. மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலம் மத்தியைக் கைகாட்டும். கடைக்காரன் மட்டும் நம்மைக் கைகாட்டுவான், பழைய பாக்கி எங்கேன்னு.

இப்போது புதுச் சட்டத்துக்கு வருவோம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அவசர அவசரமாக நிறைவேற்றி, 21ந்தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். பேர் ‘விக்சித் பாரத் ஜி ராம் ஜி’. நூறு நாள் 125 நாளாகிறதாம். நூறு என்று எழுதியிருந்தபோதே நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஐம்பது நாள் சுமாருக்குத்தான். கூலிப்பணம் முழுவதையும் மத்திய அரசு கொடுத்த நிலை போய், செலவில் நூற்றுக்கு நாற்பது மாநிலத்தின் தலையில். இதற்கெல்லாம் மேலே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கிற காலத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்கக்கூடாது. சொல்கிற காரணம், விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம்.

இந்த வசனத்தை நாங்கள் இருபது வருஷமாக டீக்கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2006 பிப்ரவரி 2ந்தேதி இந்தத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதல் ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அன்றைக்கே ஆரம்பித்தது புலம்பல். “மல்லாட்டை புடுங்க ஆள் இல்ல, நடவுக்கு ஆள் இல்ல, காலனிக்காரனுக்குத் திமிர் ஏறிப்போச்சு.” திமிர் என்று அவர்கள் சொன்னது வேறொன்றுமில்லை. “என்ன கூலி தருவீங்க?” என்று எங்கள் பெண்கள் வாய்திறந்து கேட்டது. வாசலில் வந்து கூப்பிட்டதும் எழுந்து ஓடாமல் இருந்தது. கூலிக்காரனுக்குப் பேரம் பேச வருஷத்தில் ஒரு காலம் உண்டென்றால் அது நடவும் அறுப்பும்தான். மற்ற நாளில் நிலக்காரனுக்கு நம் தேவை இல்லை. அந்தக் காலத்தைப் பார்த்து அரசு வேலையை மூடினால் என்ன அர்த்தம்? பட்டினி போட்டு ஆளைப் பிடித்துக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். முன்பு பண்ணையார் செய்ததை இப்போது அரசிதழ் செய்கிறது. கூலி நெல் கூடக் கேட்ட போராட்டத்துக்குத்தான் 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். கூலிப் பேரத்தை இந்த நாட்டு ஆதிக்கசாதி எப்போதும் கலகமாகத்தான் பார்த்திருக்கிறது.

சிறு விவசாயியும் கஷ்டப்படுகிறானே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கஷ்டப்படுகிறான், மறுக்கவில்லை. அவன் நெல்லுக்கு விலை கொடு, உரத்துக்கு மானியம் கொடு. எங்கள் கூலியைக் குறைத்து அவனைக் காப்பாற்றாதே. அதோடு ஒரு கேள்வி. நெல்லறுக்க இப்போது மிஷின் வந்துவிட்டது. செய்யாற்றுப் படுகையில் பத்து ஆள் செய்த வேலையை அது பொழுது ஏறுவதற்குள் முடித்துவிட்டுப் போகிறது. அறுவடைக்காக நூறு நாள் வேலையை மூடினால், எங்களைக் கூப்பிடப்போவது யார், மிஷினா? மேலே ஜவ்வாது மலையில் நிலைமை இன்னும் மோசம். வேலை இல்லாத மலைக்காரன் ஊரை விட்டு எங்கெங்கோ போகிறான். 2015 ஏப்ரல் 7ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றதே, அதில் இந்த மலைக்காரர்களும் இந்த மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். சொந்த ஊரில் கூலி இருந்தால் செம்மரத் தரகன் பேச்சு எடுபடுமா?

சட்டத்திலிருந்து காந்தி பேரை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் அழுகிறது. அவர்கள் அழட்டும். ராமன் பேரை வைத்தாலும் காந்தி பேரை வைத்தாலும் மண்வெட்டி பிடிக்கிற கை நம்முடையது. நமக்குப் பேர் சண்டை வேண்டாம், கூலிச் சண்டை வேண்டும்.

ஆலையை மூடினால் ‘லே-ஆப்’ என்று பாதிச் சம்பளம் தர 1953லிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏரிக்கரையில் வேலை செய்கிறவன் தொழிலாளி இல்லையா? 2005 சட்டத்திலேயே, கேட்ட பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் முதல் முப்பது நாளுக்குக் கால் பங்கு கூலியும் அதற்குப் பிறகு பாதியும் வேலையில்லாப் படி என்று இருந்தது. 2025ன் 336 ரூபாய்க் கூலிக்கு அது நாளொன்றுக்கு 84 ரூபாய். எங்கம்மா ஒருமுறை வேலை கேட்டு மனு எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், தேதி போட்ட ரசீது தரவில்லை. ரசீது இல்லையென்றால் கேட்டதாகவே கணக்கு இல்லை, படியும் இல்லை. உரிமையைக் கொல்ல துப்பாக்கி வேண்டியதில்லை, ஒரு ரசீதை மறுத்தால் போதும்.

ஆகவே மாணவத் தோழர்களே, கட்டுரை படித்து முடித்ததும் ஒரு வேலை இருக்கிறது. எந்த 60 நாள் மூடுவது என்று அறிவிக்க வேண்டியது மாநில அரசு. டெல்லியைத் திட்டிவிட்டு இங்கே அமைதியாக ஒரு தேதியை அறிவித்துவிட்டுப் போக விடக்கூடாது. ஒவ்வொரு கிராமசபையிலும் எழுந்து நின்று தீர்மானம் கேளுங்கள்: மூடக்கூடாது, மூடினால் அட்டை உள்ள ஒவ்வொருவருக்கும் மூடிய நாளுக்கு முழுக்கூலி. சேரியில் மனு எழுதத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் எழுதிக் கொடுங்கள். கூடவே போங்கள். பத்துப் பேராகப் போங்கள். தேதி போட்ட ரசீது கைக்கு வரும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.