பத்து நிமிடத்தில் ஒரு வழிகாட்டி கிடைப்பாரா?

கல்லூரி அரங்கம் ஒன்றில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் கல்யாண போட்டோகிராபர், பக்கத்தில் லோகோ வடிவமைப்பவர், அதற்கடுத்து வீடியோ எடிட்டர், விளம்பர வாசகம் எழுதுபவர், டிரஸ் டிசைனர். எதிரே காலி நாற்காலிகள். மணி அடித்ததும் இளைஞர்கள் வந்து உட்காருகிறார்கள். பத்து நிமிடம் பேச்சு. மறுபடி மணி அடித்தால் எழுந்து அடுத்த மேஜைக்கு நகர வேண்டும்.

இதற்குப் பெயர் 'ஸ்பீடு மென்டாரிங்'. துறையில் வேலை செய்துகொண்டிருப்பவர்களை, அந்தத் துறைக்குள் வர ஆசைப்படும் இளைஞர்கள் நேருக்கு நேர் சந்தித்து ஆலோசனை கேட்கும் நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நேரம் கொஞ்சம் கூடும், குறையும். பத்து நிமிடம் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் 6 பேரைப் பார்த்துவிடலாம்.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு வரும் மாணவி ஒருவரை நினைத்துப் பாருங்கள். அப்பா பஸ் கண்டக்டர், அம்மா வீட்டிலேயே தையல் வேலை. சொந்தத்தில் யாருக்கும் டிசைன் துறையோடு சம்பந்தம் இல்லை. அவராகவே போனில் பார்த்துப் படம் வரையக் கற்றுக்கொண்டவர். முதல் மேஜையில் பெயர், ஊர், கல்லூரி, பள்ளியில் வாங்கிய பரிசுகள் எல்லாம் சொல்லி முடிக்கவே 5 நிமிடம் ஓடிவிடுகிறது. "இந்த ஃபீல்டுக்கு வரணும்னா என்ன சார் பண்ணணும்?" என்று கேட்கிறார். "நல்லா பிராக்டீஸ் பண்ணும்மா" என்று பதில் வருகிறது. மணி அடித்துவிடுகிறது.

இரண்டாவது மேஜையில் உஷாராகிவிடுகிறார். போனில் ஒரு படத்தைக் காட்டி, "எங்க தெருவுல ஒரு பேக்கரிக்காரர் லோகோ கேட்டிருக்கார் மேடம். எவ்வளவு கேக்கறதுன்னு தெரியல. முன்பணம் கேட்டா தப்பா நினைச்சுப்பாரா?" என்கிறார். எதிரே இருப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இந்த முறை பத்து நிமிடம் போதவில்லை.

ஆள் ஒருவர்தான், நேரமும் அதேதான். கேள்விதான் மாறியிருக்கிறது.

ஜோடி தேடத் தொடங்கிய மணி

மணி அடித்து ஆள் மாறும் இந்த முறையின் தாய்வீடு ஆலோசனைக் கூட்டம் அல்ல, வரன் தேடும் படலம்! 1998-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், யூத மத குரு யாகோவ் டெயோ என்பவர், தங்கள் சமூகத்து இளைஞர்களும் பெண்களும் அறிமுகமாகிக்கொள்ள ஒரு காபி கடையில் 'ஸ்பீடு டேட்டிங்' நடத்தினார். அந்த முறை பிறகு வியாபாரம், வேலைவாய்ப்பு என்று பரவியது.

கலைத் துறையில் இதேபோன்ற ஒரு பழக்கம் அதற்கு முன்பே உண்டு. 1986-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தொடங்கிய 'ஃபோட்டோஃபெஸ்ட்' விழாவில், போட்டோகிராபர்கள் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு பத்திரிகை எடிட்டர்கள், கண்காட்சி நடத்துபவர்கள் என ஒவ்வொருவராகச் சந்திப்பார்கள். ஒரு சந்திப்புக்கு 20 நிமிடம்.

நமக்கும் இதன் ருசி கொஞ்சம் தெரியும். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி ஒரு போட்டிதான். ஆனாலும், சினிமா பின்னணி இல்லாத இளைஞர்களின் குறும்படத்தைத் துறையில் இருப்பவர்கள் பார்த்து, முகத்துக்கு நேரே கருத்து சொன்ன மேடை அது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

பட்டறை போச்சு, போன் வந்தாச்சு

நம் ஊரில் கலைத்தொழிலைப் பட்டறையில் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்கள். சினிமா பேனர் வரையும் இடத்தில் சேரும் பையன் முதலில் பெயின்ட் கலக்குவான், பிரஷ் கழுவுவான். பிறகு சின்னப் படத்தைப் பெரிதாக்கத் துணியில் கட்டம் போடுவான். முகத்தில் கைவைக்க விடுவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். ஆனால், அந்த வருஷங்களில் ஓவியத்தோடு இன்னொன்றையும் கற்றுக்கொள்வான். முதலாளி எப்படிப் பேரம் பேசுகிறார், யாரிடம் முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் கூடவே இருந்து பார்ப்பான்.

ஃப்ளெக்ஸ் பிரின்டிங் வந்த பிறகு அந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை காணாமல் போய்விட்டன. இன்று வரைவதையும் எடிட்டிங்கையும் யூடியூப் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கூடவே இருந்து பார்க்கும் அந்த இரண்டாவது பாடத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. மாமா கேமராமேன், சித்தப்பா பத்திரிகையில் வேலை என்று இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்துவிடும். கண்டக்டர் மகளுக்கு எங்கே கிடைக்கும்?

'முன்பின் தெரியாதவரிடம் பத்து நிமிடம் பேசி என்ன ஆகிவிடப் போகிறது' என்று தோன்றலாம். அமெரிக்க சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர், தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம், 'தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?' என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்தது 6-ல் ஒருவருக்குத்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது பார்ப்பவர், அபூர்வமாகப் பார்ப்பவர் மூலமாகவே கிடைத்திருந்தது. 1973-ல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. காரணம் எளிமையானது. நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் நமக்குத் தெரியாத செய்தியைக் கொண்டுவரும்.

இதைக் கேளுங்கள்!

'எந்த சாஃப்ட்வேர் நல்லது?' என்ற கேள்விக்கு இணையத்திலேயே பதில் இருக்கிறது. அதற்காக ஒரு மனிதரின் பத்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம். அவர் அனுபவத்தில் மட்டுமே இருப்பதைக் கேளுங்கள்.

'முதல் வேலைக்கு எவ்வளவு வாங்கினீர்கள்? எத்தனை முறை திருத்தம் கேட்டால் கூடுதல் பணம் கேட்கலாம்? பணம் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வீர்கள்? நம்ம ஊரில் இந்த வேலைக்கு ஆள் தேடுபவர்கள் யார்?' இவையெல்லாம் நல்ல கேள்விகள்.

இன்னொரு முக்கியமான கேள்வி, 'நான் செய்த வேலை யாருக்குச் சொந்தம்?' இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, படைப்பை உருவாக்கியவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால், சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்குச் சொந்தம். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும், வரையச் சொன்ன ஓவியத்துக்கும்கூட வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ளப்படும். வேலையைத் தொடங்கும் முன் நான்கு வரி எழுதி வாங்குவது ஏன் அவசியம் என்பதை, ஒருமுறை ஏமாந்தவரைவிட நன்றாக யார் சொல்வார்கள்?

பத்து நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

* முதல் 1 நிமிடம்: பெயர், இப்போது என்ன செய்கிறீர்கள், எதில் தடுமாறுகிறீர்கள். மூன்றே வாக்கியம். வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டு வாருங்கள்.

* அடுத்த 3 நிமிடம்: உங்கள் வேலைகளில் மூன்றை மட்டும் காட்டுங்கள். போன் கேலரியில் விரலால் தள்ளித் தள்ளித் தேடாதீர்கள். தனி ஃபோல்டரில் போட்டு, நெட் இல்லாமலும் திறக்கும்படி வைத்திருங்கள்.

* அடுத்த 5 நிமிடம்: ஒரே ஒரு கேள்வி. அவர் பேசும்போது குறுக்கே பேசாமல் குறிப்பு எடுங்கள். 'இது சரியில்லை' என்று சொன்னால், 'ஏன் அப்படிச் செய்தேன்னா...' என்று வாதாட வேண்டாம். 'எதை மாத்தணும்?' என்று கேளுங்கள்.

* கடைசி 1 நிமிடம்: 'நீங்க சொன்னதைச் செஞ்சுட்டு உங்களுக்கு அனுப்பலாமா?' என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் மெயில் முகவரி வாங்குங்கள். நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

ஒருவர் சொல்வது ஒருவரின் கருத்துதான். ஆனால், 6 பேரைச் சந்தித்து அதில் 3 பேர் ஒரே குறையைச் சொன்னால், அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

அன்றிரவே இரண்டு வரியில் நன்றி அனுப்புங்கள். சில வாரங்களில், அவர் சொன்னபடி மாற்றிய வேலையையும் அனுப்புங்கள். 'குட் மார்னிங்' படங்களை அல்ல!

கவனம் தேவை

இது வேலை கொடுக்கும் முகாம் அல்ல. 'சார், ஒரு சான்ஸ் குடுங்க' என்று கேட்டால் எதிரே இருப்பவருக்கும் சங்கடம், உங்களுக்கும் ஏமாற்றம். 'பணம் கட்டு, சினிமாவில் சேர்த்துவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் அவர் வழிகாட்டி அல்ல. தனியாக அறைக்கு வரச்சொல்வது, இரவில் தேவையில்லாமல் மெசேஜ் அனுப்புவது போன்றவை நடந்தால் உடனே வீட்டிலும் நிகழ்ச்சி நடத்துபவர்களிடமும் சொல்லுங்கள். ஆன்லைனில் பணம் ஏமாந்தால் 1930, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உதவி தேவைப்பட்டால் 1098 எண்களை அழைக்கலாம்.

சென்னைக்குத்தான் போகணுமா?

படைப்புத் துறை என்றதும் கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வருகிறது. சிவகாசியில் காலண்டரும் அட்டைப்பெட்டியும் வடிவமைப்பவர் யார்? காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை பார்டருக்கு டிசைன் போடுபவர் யார்? சுவாமிமலையில் மெழுகில் சிலையை உருவாக்குகிற ஸ்தபதி யார்? ஒவ்வொரு ஊரிலும் கல்யாண ஆல்பம் தயாரிப்பவரும் மேடை அலங்காரம் செய்பவரும் இருக்கிறார்கள். கலையை வைத்தே குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். ஒரு நூலக அரங்கம், ஆறு மேஜை, ஒரு மணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தால் போதும். கல்லூரியோ நூலக வாசகர் வட்டமோ நினைத்தால் எந்த ஊரிலும் நடத்திவிடலாம்.

நடத்துகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கடைசிச் சுற்றில் பெற்றோரையும் உட்கார வைக்கலாம். 'படம் வரைஞ்சு சோறு சாப்பிட முடியுமா?' என்று எத்தனையோ வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்குப் பிள்ளைகளால் பதில் சொல்ல முடிவதில்லை. சொன்னாலும் யார் நம்புகிறார்கள்?

அந்தக் கண்டக்டர் மகளின் அம்மா அப்படி ஒரு மேஜையில் உட்கார்ந்தால், மூன்று வாக்கிய அறிமுகமெல்லாம் இருக்காது. "இதுல மாசம் எவ்வளவு வரும் தம்பி? எல்லா மாசமும் வருமா?" என்று நேராகவே கேட்டுவிடுவார். அதற்கு எதிரே இருப்பவர், "எல்லா மாசமும் ஒரே மாதிரி வராதும்மா. எனக்கு நிலையா வர ஆரம்பிக்க நாலு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் ஒரு பிரஸ்ல சம்பளத்துக்கு இருந்தேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால், அது இனிப்பான பதில் இல்லைதான். ஆனால், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க அது போதும்.