அரிப்பில்லாமல் ரோமம் உதிரும் நாய்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் களத்தையும் கிணற்றடியையும் ஆட்டுக்கிடையையும் இரவில் காத்து நிற்பது நாயே என்பது யாவரும் அறிந்த விஷயம். அழகர்மலை அடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு அஞ்சி நிலக்கடலை பயிரிடுவோருக்கு அதன் அருமை இன்னும் நன்றாய்த் தெரியும். ஆயினும், மாட்டுக்குக் காணை கண்ட அன்றே வைத்தியரை நாடும் விவசாயி, நாயின் உடம்பில் ரோமம் உதிரக் கண்டால் "சொறி பிடித்துவிட்டது" என்று தாமே தீர்மானித்து, மோட்டாரிலிருந்து வடித்த கழிவெண்ணெயையோ மண்ணெண்ணெயையோ பூசிவிடுகிறார். அதிலும் குணம் காணாவிட்டால் நாயைக் கண்மாய்க்கரைக்கு ஓட்டிவிடுகிறார். இவ்வழக்கம் விவசாயிக்கு நஷ்டத்தையும் வாயில்லாப் பிராணிக்குத் துன்பத்தையும் தருவதாகையால், இது ஒழியவேண்டுமென்பது எனது அபிப்பிராயம்.

ரோமம் உதிரும் நாயைக் கண்டதும் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "அது சொறிந்துகொள்கிறதா?" என்பதே. உண்ணியும் தெள்ளும் சொறிப்பூச்சியும் பற்றிய நாய் ஓயாமல் சொறியும், தன்னைத்தானே கடிக்கும், காதோரத்திலும் முழங்கையிலும் வால் அடியிலும் புண் காணும். வேறொரு வகையில், நாய் சொறியாமலே விலாப்புறம் இரண்டிலும் ஒரே அளவாக ரோமம் கொட்டும். தலையும் கால்களும் பெரும்பாலும் முன்போலவே இருக்கும். வெறுமையான தோல் நாளடைவில் கறுத்துப்போகும். இவ்விரண்டாம் வகைக்குக் காரணம் பெரும்பாலும் உடலுக்குள்ளே, ஹார்மோன் என்னும் நீர்களைச் சுரக்கும் சுரப்பிகளில் இருக்கிறது. துத்தநாகச் சத்துக் குறைவினால் நெற்பயிரின் இலை பழுப்பேறும்போது பூச்சிமருந்து தெளித்தால் என்ன பயனோ, அப்பயனே இந்நாய்க்கு மேற்பூச்சுப் பூசுவதிலும் உண்டு. மேலும் நாய் தன் உடலை நக்குமாதலால், பூசிய எண்ணெய் வயிற்றுக்குட் சென்று விஷமாகும்.

நான் பயிர்த்தொழில் பயின்றவனேயன்றிக் கால்நடை வைத்தியன் அல்லன். எனினும், விவசாயிகள் வைத்தியரிடம் செல்வதற்கு முன் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே எடுத்துச் சொல்லுதல் தகும்.

முதலாவது, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் தளர்ச்சி. இது நடுவயது நாய்களில் காண்பது. உணவு மிகாமலே உடல் பருக்கும். நாய் சோம்பிக் கிடக்கும். குளிர் தாங்காமல் அடுப்பங்கரையை நாடும். வால் எலிவால்போல் வெறுமையாகும். முகத்தோல் தடித்துச் சோகமுற்றாற்போல் தோன்றும். உப்பிலுள்ள அயோடின் போதாமையே காரணமென்று கருதி உணவில் உப்பைக் கூட்டுவோர் உளர். நாய்களில் பெரும்பாலும் சுரப்பியே சிதைந்துபோவதால் உப்பினால் பயனில்லை. குறைந்த ஹார்மோனை மாத்திரையாக ஆயுள் முழுதும் கொடுத்துவரவேண்டும். இந்த ஹார்மோனை அமெரிக்காவில் கெண்டால் என்பவர் 1914-ல் பிரித்தெடுத்தார். இன்று அது சாதாரணமாய்க் கிடைக்கும் மருந்து. நாய்க்குரிய அளவு மனிதருக்குரிய அளவினின்றும் மிகவும் வேறுபட்டதாகையால், வீட்டில் ஒருவர் உண்ணும் மாத்திரையைப் பகிர்ந்து கொடுத்தல் கூடாது. வேறு நோயினாலும் சில மருந்துகளாலும் இரத்தத்தில் இந்த ஹார்மோன் தாழ்ந்து காணப்படுவதுண்டு. ஆதலால் ஒரே ஒரு பரிசோதனையைக் கொண்டு முடிவு கட்டாமல், வைத்தியர் கூறும் மற்றப் பரிசோதனையையும் செய்துகொள்வது நலம்.

இரண்டாவது, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பியின் மிகுதி. மனிதரிடத்தில் இந்நோயை ஹார்வி குஷிங் என்னும் நிபுணர் 1932-ல் விரிவாக எழுதினார். நாய்களில் இது தானே உண்டாகும்போது, 100-க்கு 80 முதல் 85 வரை மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டியே மூலகாரணம். நாய் மிகுதியாய்த் தண்ணீர் குடிக்கும், மிகுதியாய்ச் சிறுநீர் கழிக்கும், பசி அடங்காது, வயிறு பானைபோல் தொங்கும், தோல் மெலிந்துவிடும், நிழலிற் கிடந்தாலும் இளைக்கும்.

இந்நோயை நாமே உண்டாக்குவதும் உண்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டிராய்டு மருந்துகள் அட்ரினல் சுரப்பி தரும் ஹார்மோனைப் போன்றவை. அரிப்புள்ள நாய்க்கு ஓர் ஊசியால் மறுநாளே அரிப்பு அடங்குவதைக் கண்டு, "அதே ஊசியைப் போடுங்கள்" என்று மாதந்தோறும் வற்புறுத்துவோர் பலர். மனிதருக்கான பீட்டாமெதசோன் களிம்பை மருந்துக்கடையில் தாமே வாங்கித் தடவுவோரும் உளர். இவை நெடுநாள் உட்சென்றால் ரோமம் உதிர்ந்து, வயிறு தொங்கி, குஷிங் நோயின் குறிகள் யாவும் தோன்றும். ரோமத்துக்காகக் கொடுத்த மருந்தே ரோமத்தைக் கொண்டுபோகும். அப்போது திடீரென மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தமையால் நாயின் சுரப்பி வேலை மறந்து ஓய்ந்திருக்கும். அளவைச் சிறிது சிறிதாய்க் குறைக்கும் முறையை வைத்தியரே வகுக்கவேண்டும்.

மூன்றாவது, இனவிருத்தி உறுப்புகளைச் சார்ந்தது. கடுவனுக்கு விதை ஒன்று கீழிறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்டால், அதிற் கட்டி உண்டாகும் அபாயம் பன்மடங்கு அதிகம். அக்கட்டிகளுள் ஒருவகை பெண்ஹார்மோனைச் சுரப்பதால் ரோமம் உதிரும், முலைக்காம்பு பருக்கும், மற்றக் கடுவன்கள் அதனைப் பின்தொடரும், முற்றினால் எலும்பு மச்சையைக் கெடுத்து இரத்தச்சோகையும் தரும். உரிய காலத்தில் அறுவை செய்தால் பெரும்பாலும் குணமாகும். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்களை வளர்ப்போர், விதை இறங்காத கடுவனை இனவிருத்திக்கு விடலாகாது. அக்குறை சந்ததியில் தொடரக்கூடியது. பெட்டைகளில் சூற்பைக் கட்டியும் இவ்வாறே ரோமத்தை உதிர்க்கும்.

நோயல்லாத உதிர்வும் உண்டு. ஈன்ற சில வாரங்களிலும், கடுங்காய்ச்சலுக்குப் பின்னரும் கொட்டிய ரோமம் தானே முளைக்கும். சிமெண்டுத் தரையிற் படுக்கும் பெரிய நாய்களுக்கு முழங்கையில் காய்ப்புத் தோன்றும். நீலச்சாம்பல் நிற நாய்கள் சிலவற்றில் பரம்பரையாகவே ரோமம் குறையும்.

"அரிக்கவில்லை, ஆகவே சுரப்பிக் கோளாறு" என்று உடனே முடிவு செய்வதும் தவறு. டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய பூச்சியும் படர்தாமரைக் காளானும் தொடக்கத்தில் அரிப்பின்றியே ரோமத்தை உதிர்க்க வல்லன. படர்தாமரை குழந்தைகளுக்கும் ஒட்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிஷ வேலை, செலவும் சொற்பம். இரத்தப் பரிசோதனைக்கு முன் இதனைச் செய்யவேண்டும்.

"நாய்க்கு இத்தனை செலவா?" என்று கேட்பார் உண்டு. பயனற்ற களிம்புக்கும் ஊசிக்கும் மாதந்தோறும் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால், ஒருமுறை காரணத்தை அறிந்துகொள்வதே சிக்கனமென்பது விளங்கும். தைராய்டு நாய் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சுறுசுறுப்படையும். ரோமம் வளரச் சில மாதம் ஆகும். பழகிய காவல் நாயைத் துரத்திவிட்டுப் புதுக்குட்டியைப் பழக்க ஆகும் காலம் இதனினும் அதிகம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரோமமற்ற நாயைக் குறித்துப் புகார் வரும்போது, அது உடையவர் உள்ள நாயா என்பதை முதலில் விசாரிக்கவேண்டும். ரோமம் உதிர்வது வெறிநோயின் அறிகுறி அன்று. சுரப்பிக் கோளாறு ஒருவரையும் ஒட்டாது. சொறி என்ற பெயரால் நாயை அடித்துக் கொல்ல 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இடம் தரவில்லை. உடையவரை அழைத்து, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு, நாயைக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புதலே முறை. அங்கே தீராதவற்றைத் திருநெல்வேலி, தேனி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொண்டு செல்லலாம்.

மருந்தகம் செல்லுமுன் விவசாயி செய்யவேண்டியது எளிது. நாய் சொறிகிறதா, உதிர்வு இருபுறமும் ஒத்திருக்கிறதா, எடை கூடிற்றா, விதை இரண்டும் இறங்கியுள்ளனவா, முன்பு என்னென்ன ஊசியும் களிம்பும் கொடுத்தாயிற்று என்பவற்றைக் குறித்துக்கொள்க. குடிக்கும் தண்ணீரை மூன்று நாள் அளந்து வைத்துப் பார்க்க. எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால், அதாவது 25 கிலோ நாய் நாளொன்றுக்கு 2½ லிட்டரைத் தாண்டினால், அதனை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுக. வேனிற்காலத்தில் ஓடியாடும் நாய் சற்று அதிகமாய்க் குடிப்பது இயல்பாதலால், அதனையும் கூறுக. இக்குறிப்புகளுடன் செல்வோருக்கு வைத்தியரின் வேலை பாதி முடிந்ததாகும். எண்ணெய்க் கலயத்தை எடுக்குமுன் இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.